எறும்புகளுக்கு யார் தலைவர்?

அடுப்பங்கரையில் ஒரு துண்டு வெல்லம் கீழே விழுகிறது. யாரும் கவனிக்கவில்லை. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் சுவரோரம் எறும்புச் சாரை! புற்றிலிருந்து வெல்லம் வரை ஒரே வரிசை. சில போகின்றன. சில வருகின்றன.

இந்த எறும்புகளை வரிசையில் போகச் சொன்னது யார்?

ராணி எறும்பு சொல்லியிருக்குமோ? இல்லை. முட்டை இடுவதுதான் ராணியின் வேலை. அது யாருக்கும் கட்டளை இடுவதில்லை. எறும்புக் கூட்டத்தில் மேஸ்திரியும் இல்லை, மேலாளரும் இல்லை.

பிறகு எப்படி நடக்கிறது?

வாசனைப் பாதை

ஓர் எறும்பு உணவைத் தேடி அலைகிறது. வெல்லத்தைக் காண்கிறது. கொஞ்சம் எடுத்துக்கொண்டு புற்றுக்குத் திரும்புகிறது. திரும்பும்போது வயிற்றின் நுனியால் தரையைத் தொட்டுத் தொட்டுச் செல்கிறது. அங்கே ஒரு வாசனைப் பொருள் ஒட்டிக்கொள்கிறது. நமக்கு அந்த வாசனை தெரியாது. எறும்புக்குத் தெரியும்.

இன்னோர் எறும்பு அந்த வாசனையை மோந்து கொண்டே வெல்லத்துக்குப் போகிறது. அதுவும் திரும்பும்போது தன் வாசனையை விட்டுவிட்டு வருகிறது. இப்படி நூறு எறும்புகள் போய்வந்தால் பாதை பலமாகிறது.

வெல்லம் தீர்ந்துவிட்டால்? வெறுங்கையோடு திரும்பும் எறும்பு வாசனை வைப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் வாசனை மங்கிவிடும். பாதையும் மறைந்துவிடும்.

ஒவ்வோர் எறும்பும் செய்வது சிறிய வேலை. எல்லாம் சேரும்போது பெரிய ஒழுங்கு உண்டாகிறது. இதைத் தானாக அமையும் ஒழுங்கு என்று சொல்லலாம்.

சுற்றிச் சுற்றி வந்த எறும்புகள்

இந்த ஒழுங்கு எப்போதும் நன்மை தருமா? தராது.

தென் அமெரிக்காவில் கயானா என்ற நாடு உள்ளது. அங்குள்ள காட்டில் வில்லியம் பீபி என்ற விஞ்ஞானி ஓர் அதிசயத்தைக் கண்டார். 1921-ல் அதைப் புத்தகத்தில் எழுதினார். படை எறும்புகள் ஒரு பெரிய வட்டத்தில் நடந்துகொண்டிருந்தன. வட்டத்தின் சுற்றளவு சுமார் 1,200 அடி. ஒரு சுற்றை முடிக்க ஓர் எறும்புக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

அவற்றுக்குக் கண்பார்வை கிட்டத்தட்ட இல்லை. முன்னே போன எறும்பின் வாசனையைப் பின்னே வந்த எறும்பு தொடர்ந்தது. வழி தவறியது எந்த எறும்புக்கும் தெரியவில்லை. சுற்றிச் சுற்றி நடந்தே பல எறும்புகள் செத்து விழுந்தன.

முன்னே போகிறவரைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் இதுதான் கதி.

தேனீக்கள் வீடு பார்க்கும் விதம்

தேனீக்கள் வேறு விதம். கூடு நிறைந்துவிட்டால் ஒரு கூட்டம் புது இடம் தேடிப் புறப்படும். மரக்கிளையில் கொத்தாகத் தொங்கும். சில நூறு தேனீக்கள் மட்டும் இடம் பார்க்கப் போகும். நல்ல பொந்தைக் கண்ட தேனீ திரும்பி வந்து ஆடும். எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்பதை அந்த ஆட்டம் சொல்லும். இடம் நன்றாக இருந்தால் அதிக நேரம் ஆடும்.

அதைப் பார்த்த மற்ற தேனீக்கள் உடனே அதற்காக ஆடுவதில்லை. முதலில் தாமே போய்ப் பார்க்கின்றன. பிடித்திருந்தால்தான் வந்து ஆடுகின்றன. கடைசியில் மிகச் சிறந்த இடத்துக்கே பெரும்பாலும் எல்லாம் சேர்ந்து பறக்கின்றன. இங்கும் ராணி முடிவு செய்வதில்லை.

கண்டதைச் சொல்ல வேண்டும். கேட்டதைப் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டும் இருந்தால் கூட்டத்தின் முடிவு நல்லதாக அமையும்.

தூபகுண்டாவின் பெண்கள்

மனிதர்களிடம் இப்படி நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது.

ஆந்திரப் பிரதேசத்தில் நெல்லூர் மாவட்டம் இருக்கிறது. அங்கே ஊருக்கு ஊர் சாராயக் கடை இருந்தது. பிளாஸ்டிக் உறைகளில் சாராயம் கிராமத்துக்கே வந்தது. ஒருவர் குடித்தார். அவரைப் பார்த்து அடுத்தவர் குடித்தார். வேலை முடிந்ததும் கால் தானாகக் கடைக்குப் போனது. கூலிப் பணம் அங்கேயே கரைந்தது. வீட்டில் அடுப்பு எரியவில்லை. அடியும் உதையும் மிஞ்சின. படை எறும்புகளின் வட்டம் போலத்தான் இதுவும்.

1991-ல் அந்த மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. பகலெல்லாம் உழைத்த பெண்கள் இரவில் படிக்க வந்தார்கள். பாடப் புத்தகத்தில் ஒரு கதை இருந்தது. கணவனின் குடியால் சீரழிந்த குடும்பத்தின் கதை அது. பெண்கள் படித்தார்கள். "இது நம் வீட்டுக் கதை" என்று பேசிக்கொண்டார்கள். அதுவரை ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்குள் தனியாக அழுதாள். இப்போது எல்லா வீட்டிலும் ஒரே துன்பம் என்பது தெரிந்தது.

தூபகுண்டா என்ற கிராமத்துப் பெண்கள் ஒன்றாகப் புறப்பட்டார்கள். தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள்.

இந்தச் செய்தியே அடுத்த புத்தகத்தில் பாடமாக வந்தது. பெண்கள் ஒன்றுபட்டால் என்ன நடக்கும் என்பதே அந்தப் பாடம். மற்ற ஊர்ப் பெண்கள் அதைப் படித்தார்கள். தங்கள் ஊரைப் பார்த்தார்கள். தாங்களே கூடிப் பேசினார்கள். பிறகு துடைப்பத்தையும் மிளகாய்ப் பொடியையும் எடுத்துக்கொண்டு கடை முன் நின்றார்கள்.

1992-ல் இது மாவட்டம் முழுதும் பரவியது. சாராயக் கடை ஏலத்தைப் பெண்கள் தடுத்தார்கள். ஏலம் பலமுறை தள்ளிப்போனது. எழுத்தறிவுத் தொண்டர்களும் வேறு பலரும் துணை நின்றார்கள். ஆனால் எல்லா ஊருக்கும் கட்டளையிட்ட ஒரே தலைவர் என்று யாரும் இல்லை. ஓர் ஊர் காட்டிய வழியில் அடுத்த ஊர் நடந்தது.

1993 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுதும் தடை வந்தது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு வந்தது.

பாதை மங்காமல் இருக்க

கதை இதோடு முடியவில்லை. 1997-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. சீமைச் சாராயம் மீண்டும் விற்பனைக்கு வந்தது. வரி வருமானம் போனதே அரசு சொன்ன முக்கியக் காரணம்.

ஒருமுறை நடந்தால் மட்டும் பாதை நிலைக்காது. நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

நெல்லூர்ப் பெண்கள் இன்னொரு பாதையும் போட்டார்கள். குடிக்குப் போகாமல் மிஞ்சிய பணத்தைச் சேமிக்கக் குழு அமைத்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு ரூபாய். சிறிய தொகைதான். அதைச் சேர்க்க அடிக்கடி கூட வேண்டும். கூடினால் பேச வேண்டும். பேசினால் ஒருத்தியின் கஷ்டம் மற்றவளுக்குத் தெரியும். இப்படிப் பாதை மங்காமல் இருந்தது. பிறகு ஆந்திரம் முழுதும் பெண்களின் சேமிப்புக் குழுக்கள் பெருகின.

எறும்புக்கு வாசனை. தேனீக்கு ஆட்டம். மனிதருக்குப் பேச்சும் எழுத்தும். எறும்பால் தன் பாதை சரியா என்று கேட்க முடியாது. மனிதரால் கேட்க முடியும்.

செய்து பாருங்கள்

எறும்புச் சாரையின் குறுக்கே ஈரத் துணியால் ஒருமுறை துடையுங்கள். எறும்புகள் என்ன செய்கின்றன? மீண்டும் வரிசை அமைய எவ்வளவு நேரம் ஆகிறது?

விடை சொல்லுங்கள்

1. வெல்லம் தீர்ந்த பிறகு எறும்புப் பாதை ஏன் மறைகிறது?
2. படை எறும்புகள் ஏன் வட்டத்திலேயே சுற்றின?
3. மற்ற தேனீ ஆடுவதைப் பார்த்த தேனீ முதலில் என்ன செய்கிறது?
4. தூபகுண்டாவின் செய்தி மற்ற ஊர்களுக்கு எப்படிப் போனது?

கூடிப் பேசுங்கள்

நம் ஊரில் ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகிய கெட்ட வழக்கம் எது? அதை மாற்ற முதலில் யாரிடம் பேசலாம்?