பகலில் எரியும் விளக்கு: காருக்கு ஒரு சிறு மின்பாடம்

சென்ற தை மாதம் நம் சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து, எதிர் ஃப்ளாட் பையனின் காரில் மயூர் விஹாருக்குத் திரும்பிக் கொண்டிருந்தோம். பின் இருக்கையில் அவனுடைய பாட்டியும் என் மனைவியும் இருந்தார்கள். யமுனைப் பாலம் தாண்டியதும் எனக்கு ஒரு வாசனை தட்டுப்பட்டது. ரயில்வே மின்சாரப் பிரிவில் முப்பத்தெட்டு வருடம் உழைத்த மூக்கு. சூடேறிய ஒயரின் வாசனையை அது மறக்கவில்லை.

"தம்பி, வண்டியை ஓரங்கட்டு. எல்லோரும் இறங்குங்கள்" என்றேன்.

"வெளியே யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் மாமா" என்றான். ஆனாலும் நிறுத்தினான். பானெட்டைத் திறந்தால், ஹெட்லைட்டுக்கு அடியில் புதிதாக ஒட்டியிருந்த எல்.இ.டி. பட்டைக்குப் போகும் மெல்லிய ஒயரின் பிளாஸ்டிக் ஒரு முழ நீளத்துக்கு உருகிக் கிடந்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றினோம். ஆபத்து நீங்கியது. ஃப்யூஸ் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல முழுசாக இருந்தது!

ஃப்யூஸ் ஏன் போகவில்லை? இந்தக் கேள்வியே இன்றைய பாடம். நம் பிள்ளைகள் பலர் கார் வாங்கியதும் முதலில் செய்வது இந்தப் பட்டையை ஒட்டுவதுதான். ஆகவே பெற்றோரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பகலில் விளக்கு எதற்கு?

விளக்கு இரண்டு வகை. நாம் பார்ப்பதற்கான விளக்கு ஒன்று. பிறர் நம்மைப் பார்ப்பதற்கான விளக்கு மற்றொன்று. ரயில் எஞ்சினில் ஹெட்லைட் முதல் வகை. எதிரே வரும் வண்டியை எச்சரிக்க மினுக்கும் மஞ்சள் விளக்கு இரண்டாம் வகை. காரின் பகல் விளக்கும் இந்த இரண்டாம் வகையே. ஸ்வீடன் நாட்டில் 1977லேயே பகலிலும் விளக்கெரிய ஓட்டுவது கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரி முதல் புதிய கார் மாடல்களுக்குப் பகல் விளக்கு கட்டாயம். நம் நாட்டில் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இரு சக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட் தானே எரிகிறது. ஆகவே பையனுடைய ஆசையில் தவறில்லை. செய்த முறையில்தான் தவறு.

12 வோல்ட் என்பது 12 அல்ல

கடையில் விற்கும் "12 வோல்ட்" பட்டையை உற்றுப் பாருங்கள். மூன்று எல்.இ.டி.யும் ஒரு சிறு ரெசிஸ்டரும் சேர்ந்து ஒரு தொகுதி. வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 3.1 வோல்ட் என்றால் மூன்றுக்கு 9.3. மீதி 2.7 வோல்ட்டை ரெசிஸ்டர் ஏற்கிறது. அது 150 ஓம் என்றால் தொகுதிக்கு 18 மில்லி ஆம்பியர் ஓடும்.

ஆனால் காரில் எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தருவது 14.4 வோல்ட் வரை போகும். அப்போது ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 5.1 வோல்ட், மின்னோட்டம் 34 மில்லி ஆம்பியர். வோல்டேஜ் ஏறியது ஐந்தில் ஒரு பங்கு. மின்னோட்டமோ ஏறக்குறைய இரண்டு மடங்கு! "போட்டு ஆறு மாதத்தில் பாதிப் பட்டை அணைந்துவிட்டது" என்று சொல்பவர்கள் காரணத்தை இங்கே தேடலாம்.

பரிகாரம் எளிது. மீட்டருக்கு 60 எல்.இ.டி. உள்ள பட்டையில், இடமும் வலமும் அரை மீட்டராக மொத்தம் ஒரு மீட்டர் ஒட்டுவதாக வைத்துக் கொள்ளுங்கள். இருபது தொகுதிகள், தேவை சுமார் 0.4 ஆம்பியர். இரண்டுக்கும் பொதுவாக 5.6 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் சேர்த்தால், 14.4 வோல்ட்டிலும் 0.39 ஆம்பியர்தான் ஓடும்.

ஃப்யூஸ் யாரைக் காக்கிறது?

நான் வேலையில் சேர்ந்த புதிதில், ரயில் பெட்டியின் 110 வோல்ட் விளக்கு இணைப்பில் ஒரு கோளாறு. கையில் கிடைத்த பெரிய ஃப்யூஸைப் போட்டு விளக்கை எரிய வைத்துவிட்டேன். மேலதிகாரி அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்துச் சொன்னார்: "ஃப்யூஸ் விளக்கைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற."

பையனின் காரில் நடந்ததும் அதே கதைதான். சார்ஜர் சாக்கெட்டுக்குப் போகும் 15 ஆம்பியர் லைனைக் கிள்ளி, நூல் போன்ற ஒயரைச் சுற்றி, டேப் ஒட்டியிருந்தார்கள். அந்த ஒயர் ஒரு தகட்டின் விளிம்பில் உரசித் தோலுரிந்திருந்தது. முழுசாக ஷார்ட் ஆகியிருந்தால் ஃப்யூஸ் போயிருக்கும். அரைகுறையாகத் தொட்டால் 8 அல்லது 10 ஆம்பியர் ஓடும். 15 ஆம்பியர் ஃப்யூஸுக்கு அது சாதாரணம். மெல்லிய ஒயருக்கு அது உலை.

சரியான இணைப்பு

1. சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் லைனிலிருந்து எடுங்கள். பேட்டரியில் நேராகக் கொடுத்து அணைக்க மறந்துவிட்டு, கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால், 35 ஆம்பியர்-மணி பேட்டரி சில நாட்களில் காலி.

2. கிளை பிரியும் இடத்திலேயே தனியாக 2 ஆம்பியர் ஃப்யூஸ் வையுங்கள். பட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் பயனில்லை. நடுவில் உள்ள ஒயருக்குக் காவல் இராது.

3. ஐந்து கால் ரிலே ஒன்று வாங்குங்கள். ஃப்யூஸிலிருந்து வரும் ஒயர் 30ஆம் காலுக்கு. 87ஏ காலிலிருந்து ரெசிஸ்டர் வழியாகப் பட்டைக்கு. 85ஆம் கால் எர்த்துக்கு. 86ஆம் கால் பார்க்கிங் விளக்கு ஒயருக்கு. இந்தக் கடைசி ஒயருக்கும் ஒரு சிறிய ஃப்யூஸ் வேண்டும். மாலையில் விளக்கைப் போட்டதும் பட்டை தானாக அணைந்துவிடும்.

4. இணைப்புகளைச் சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் குழாய் மாட்டுங்கள். தகட்டுத் துளை வழியே ஒயர் போனால் ரப்பர் வளையம் கட்டாயம்.

5. ஹெட்லைட்டைப் பிரித்து உள்ளே பட்டை ஒட்ட வேண்டாம். சீல் விட்டு மழைநீர் இறங்கும். உள்ளிருக்கும் சூடும் எல்.இ.டி.யின் ஆயுளைக் குறைக்கும். வெளியே அலுமினியத் தகட்டின்மேல் ஒட்டுவதே நல்லது.

விளக்குகளைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய கார்களில் எந்த ஒயரையும் கிள்ளாதீர்கள். பழுது விளக்கு எரியும். வாரண்டியிலும் தகராறு வரும்.

பட்டையின் எல்லை

இனி ஒரு கசப்பான உண்மை. பகல் விளக்குக்கான ஐக்கிய நாடுகள் விதிமுறை, ஒவ்வொரு விளக்கும் நேர் எதிரே குறைந்தது 400, அதிகம் 1200 கேண்டெலா தர வேண்டும் என்கிறது. சாதாரணப் பட்டை ஒளியை நாலாபக்கமும் சிதறவிடும். அரை மீட்டர் பட்டை 200 கேண்டெலாவைத் தொடுவதே கடினம். இரவில் கண்ணைப் பறிக்கும் பட்டை, உச்சி வெயிலில் அலங்காரம்தான். உண்மையிலேயே பயன் வேண்டுமென்றால், தரச்சான்று பெற்ற முழு விளக்கு ஜோடியாக வாங்குங்கள். மேலே சொன்ன ஃப்யூஸ், ரிலே முறை அதற்கும் பொருந்தும். ஃப்யூஸின் அளவை மட்டும் விளக்கோடு வரும் குறிப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அந்த 5.6 ஓம் ரெசிஸ்டர் இதற்கு வேண்டாம்.

நிறம் வெள்ளையாக இருக்கட்டும். முன்பக்கம் சிவப்பு கூடவே கூடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழ் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எதையும் மாற்றுமுன் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நலம்.

தில்லிப் பனிமூட்டத்துக்கு ஓர் எச்சரிக்கை

பகல் விளக்கு எரிந்தால் பின்பக்கச் சிவப்பு விளக்கும் எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் எரியாது. மார்கழிக் காலையில் முன்னால் வெளிச்சம் தெரிகிறதே என்று ஓட்டுநர் நிம்மதியாகப் போவார். பின்னால் வரும் லாரிக்காரருக்கோ அந்தக் கார் கண்ணுக்கே தெரியாது. ரயில் ஒரு நிலையத்தைக் கடக்கும்போது, கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு தெரிகிறதா என்று ஊழியர்கள் நின்று பார்ப்பார்கள். அது தெரிந்தால்தான் வண்டி முழுசாகப் போயிற்று என்று அர்த்தம். பனிமூட்டத்தில் நீங்களும் ஹெட்லைட் சுவிட்சைத் திருப்பி, ஒருமுறை இறங்கிப் பின்பக்கம் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

எதிர் ஃப்ளாட் பையன் அடுத்த ஞாயிறே பழைய ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, என்னை உட்கார வைத்துக்கொண்டு தானே எல்லாவற்றையும் மாற்றினான். ரெசிஸ்டர், ரிலே, ஃப்யூஸ் எல்லாம் சேர்ந்தும் செலவு பட்டையின் விலையைத் தாண்டவில்லை. பாட்டி மறுபடியும் அந்தக் காரில் ஏறச் சம்மதித்துவிட்டார். உங்கள் வீட்டுக் காரிலும் இப்படி ஒரு பட்டை இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து, ஃப்யூஸ் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.