பைக்கில் பூட்டியதெல்லாம் விலையாகாது

2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றதும் பாவித்த பைக்குகளின் விலை எகிறியது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறந்துவிட்டதால், வாங்க வருபவர் இப்போது ஆறுதலாகப் பார்த்துத்தான் எடுப்பார்.

ஹேவாஹெட்ட, தலாத்துஓயா ஏற்ற இறக்கங்களில், மழையில் ஓடிய பைக் என்றால் அவர் கண் முதலில் போவது பிரேக், டயர், செயின் பக்கம். விற்பதற்கு முன் பணம் போடுவதானால் இவற்றில் போடுங்கள். தேய்ந்த டயரைக் காட்டியே விலையைக் குறைத்துவிடுவார்கள். பின் கேரியரும் க்ரேஷ் பாரும் தோட்டப் பாதையில் உதவுவதால் பைக் சீக்கிரம் விலைப்படும். ஆனால் அவற்றுக்குக் கொடுத்த காசு முழுதாகத் திரும்பாது.

சத்தம் போடும் சைலன்சரைப் பூட்டியபடி விற்க நிற்காதீர்கள். பொலிஸ் பிடிக்கும் என்ற பயத்திலேயே பலர் திரும்பிப் போவார்கள். கழற்றிய கம்பனிச் சைலன்சர், கண்ணாடி, மட்கார்டை எறியாமல் வைத்திருந்து, விற்கும்போது பூட்டிக் கொடுங்கள். மேலதிகமாக வாங்கிய பாகங்களைத் தனியே விற்றால் கூடுதல் காசு கிடைக்கும்.

எல்ஈடி லைட்டுக்காக வயரை வெட்டி ஒட்டியிருந்தால் நல்ல பாஸிடம் கொடுத்துச் சீராக்குங்கள். மலைநாட்டு ஈரத்தில் அந்த ஒட்டுகள்தான் முதலில் பழுதாகும்.

நிறம் மாற்றியிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவிலும் மாற்றுங்கள். புத்தகத்தில் கறுப்பு, பைக்கில் சிவப்பு என்றிருந்தால், எவ்வளவு அழகாகப் பூட்டியிருந்தாலும் விவரம் தெரிந்தவர் வாங்க மாட்டார்.