வாத்தியார் பழக்கத்தை விட்ட பிறகு

தஞ்சாவூர் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தேன். தப்பு எந்த வரியில் என்று பார்த்த உடனே சொல்லிவிடுவது என் தொழில். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த ஒரு மே மாதம், கணக்கில் தவறிய மாணவன் ஒருவன் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். "துணைத்தேர்வு எழுதிக்கலாம்டா, இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று ஒரே மூச்சில் சொல்லி அனுப்பிவைத்தேன். வந்தபோது இருந்த அதே தளர்ந்த நடையோடுதான் திரும்பிப் போனான். அப்பா மூன்று நாளாக அவனோடு பேசவில்லை, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறான் என்பது பிறகு தெரிந்தது.

அந்த நடை என்னை விடவில்லை. முதுகலை உளவியல் படித்தேன். மூத்த ஆலோசகர் ஒருவரின் மேற்பார்வையில் இரண்டு ஆண்டுகள் பயின்றேன். ஒன்பது ஆண்டுகளாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். அதில் கற்றவற்றைச் சொல்கிறேன். வருபவர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

தீர்வுக்கு அவசரம் வேண்டாம்

"என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க சார்" என்றுதான் பெரும்பாலோர் தொடங்குவார்கள். ஆரம்பத்தில் மாமியாரோடு ஒத்துப்போகாத ஒரு பெண்ணிடம், தனிக்குடித்தனம் போவதே நல்லது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர் மறுபடி வரவில்லை. அவருக்கு என் தீர்ப்பு தேவைப்படவில்லை. கணவன்மேல் இருந்த கோபத்தை அழாமல் சொல்லி முடிக்க ஓர் இடம் தேவைப்பட்டது.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையில் ஆலோசகரிடம் மூன்று குணங்களை வலியுறுத்தினார்: உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை, வந்தவரை நிபந்தனையின்றி ஏற்பது, அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பது. பரீட்சைக்காகப் படித்த இந்த வரிகள், அந்தப் பெண் வராமல் போன பிறகுதான் எனக்குப் புரிந்தன.

உடம்பு பேசுவதையும் கேளுங்கள்

"மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. "நெஞ்சை அடைக்குது", "தலை கனக்குது", "கை கால் ஓய்ஞ்சு போச்சு" என்றுதான் வருகிறார்கள். முதலில் மருத்துவரைப் பார்க்கச் சொல்வேன். தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும் இதே சோர்வைத் தரும். மருந்து தேவையென்று தோன்றினால் மனநல மருத்துவரிடம் அனுப்புவேன். மாத்திரை எழுதுவது என் வேலையல்ல.

ஒரு நாற்பது பக்க நோட்டு

1960களில் ஆரோன் பெக் உருவாக்கிய சிந்தனைவழிச் சிகிச்சையிலிருந்து இந்த நோட்டு முறையை எடுத்துக்கொண்டேன். ஒரு பக்கத்தில் நான்கு கட்டம்: நடந்தது, மனசில் ஓடியது, உடம்பில் பட்டது, வேறு எப்படிப் பார்க்கலாம். ஜவுளிக்கடையில் வேலை பார்த்த ஒருவர் எழுதினார்: "மேனேஜர் வணக்கத்துக்குப் பதில் சொல்லலை. வேலை போகப் போகுது. வயிறு கலங்குச்சு." நான்காவது கட்டத்தை நிரப்ப அவருக்கு மூன்று வாரம் ஆனது: "அன்னிக்கு அவர் யார் வணக்கத்துக்குமே பதில் சொல்லலை." நான் சொல்லியிருந்தால் அது வெறும் ஆறுதல். அவரே கண்டுபிடித்ததால் அடுத்த முறை பயம் வந்தபோது நோட்டைத் தேடி எடுத்தார்.

ரகசியம் காப்பதன் எல்லை

"உள்ளே என்ன சொன்னான் சார்?" என்று வாசலில் பெற்றோர் கேட்பார்கள். "அவனையே சொல்லச் சொல்லிப் பழக்குவோம்" என்பேன். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் மறைக்க முடியாது. குழந்தை மீதான பாலியல் வன்முறை தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும். இந்த எல்லைகளை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேராகக் கேளுங்கள்

"செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஓர் ஆள் கிடைத்தாரே என்று பலருக்கு மனசு லேசாகிறது. அப்படிச் சொன்னவரைத் தனியே விடாதீர்கள். 2022 முதல் இயங்கும் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் இலவச எண் 14416. தமிழிலும் பேசலாம்.

ஆலோசகரைத் தேடுபவர்களுக்கு

என்ன படித்தார், யாருடைய மேற்பார்வையில் பயின்றார் என்று கேளுங்கள். அது மரியாதைக் குறைவல்ல. மூன்று, நான்கு சந்திப்புகள் பொறுத்துப் பாருங்கள். மனம் ஒட்டவில்லையென்றால் அவரிடமே சொல்லுங்கள்; வேறொருவரைப் பார்ப்பதில் தவறில்லை. ஒரே சந்திப்பில் சரிசெய்கிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

அந்த மாணவன் இன்று என் திண்ணைக்கு வந்தால் துணைத்தேர்வைப் பற்றி முதலில் பேசமாட்டேன். தண்ணீர் கொடுத்துவிட்டு, "வீட்ல என்னப்பா சொன்னாங்க?" என்று மட்டும் கேட்பேன். அவன் வாய் திறக்க அரைமணி நேரம் ஆனாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.