வறட்சி வருமுன் போடும் கணக்கு

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில ஆளுநர் ஜெரி பிரவுன், சியரா நெவாடா மலையில் காய்ந்த புல்தரை ஒன்றில் நின்றார். பனியின் ஆழத்தை ஆண்டுதோறும் அளக்கும் இடம் அது. வழக்கமாக அந்தத் தேதியில் அங்கே ஐந்தடிக்கு மேல் பனி இருக்கும். அன்று கொஞ்சமும் இல்லை. மாநிலத்தின் மலைப்பனியில் இருந்த நீர், இயல்பான அளவில் ஏறக்குறைய 5 விழுக்காடுதான்.

பனிக்கும் குழாய்நீருக்கும் என்ன தொடர்பு? கலிஃபோர்னியாவில் மழையும் பனியும் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் விழுகின்றன. கோடையில் மழை மிகக் குறைவு. மலையில் தங்கிய பனி மெல்ல உருகி, நீர் அதிகம் தேவைப்படும் மாதங்களில் ஆறுகளையும் அணைகளையும் நிரப்புகிறது. மாநிலத்தின் நீர்த்தேவையில் சுமார் 30 விழுக்காடு இப்படிக் கிடைக்கிறது. பனி இல்லை என்றால், வரப்போகும் கோடைக்குச் சேமிப்பு இல்லை என்று பொருள்.

நகரங்களின் நீர்ப் பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்கும்படி ஆளுநர் அன்றே ஆணையிட்டார். மாநிலம் முழுவதற்கும் இப்படிக் கட்டாய ஆணை வந்தது அதுவே முதல் முறை. மக்களும் ஒத்துழைத்தார்கள். ஓராண்டில் இலக்கை ஏறக்குறைய எட்டினார்கள்.

ஆனால் ஒரு நியாயமான கேள்வி எழுந்தது. பல ஆண்டுகளாகச் சிக்கனமாக இருந்து, பெரும் செலவில் புதிய நீர் ஆதாரங்களையும் தேடிக்கொண்ட ஊர் எதற்காகக் குறைக்க வேண்டும்? சான் டியேகோ வட்டாரம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு ஏற்பாடு செய்திருந்தது. அந்த ஆலை 2015 டிசம்பரில் திறக்கப்பட்டது. முன்கூட்டியே திட்டமிட்டதற்கு என்ன பலன் என்று அவ்வட்டாரம் கேட்டது.

2016இல் மாநிலம் அணுகுமுறையை மாற்றியது. “இன்னும் மூன்று ஆண்டுகள் இதே வறட்சி தொடர்ந்தால் உங்களிடம் எவ்வளவு நீர் இருக்கும் என்று கணக்குக் காட்டுங்கள். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சேமியுங்கள்” என்றது. பெரும்பாலான நிறுவனங்கள் பற்றாக்குறை இல்லை என்று காட்டின. ஒரே விழுக்காட்டை எல்லார்மீதும் சுமத்துவதைவிட ஒவ்வோர் ஊரின் கணக்கையும் பார்ப்பது நல்லது என்ற கருத்து வலுத்தது.

சட்டம் கேட்பது என்ன?

கணக்குக் கேட்கும் சட்டம் அந்த மாநிலத்துக்குப் புதிதல்ல. 1983இலேயே நகர்ப்புற நீர் மேலாண்மைத் திட்டச் சட்டம் வந்துவிட்டது. 3,000 அல்லது அதற்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு நீர் தரும் ஒவ்வொரு விநியோக நிறுவனமும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை திட்டம் தயாரித்து மாநில நீர்வளத் துறையிடம் தர வேண்டும். தராவிட்டால் மாநில மானியமும் கடனும் கிடைக்காமல் போகலாம்.

அந்தத் திட்டத்தில் முக்கியமாக மூன்று பகுதிகள் உண்டு.

முதலாவது, வரவும் செலவும். அடுத்த 20 ஆண்டுகளில் ஊருக்கு எவ்வளவு நீர் தேவைப்படும்? அது எங்கிருந்து வரும்? இயல்பான ஆண்டு, ஒரு வறண்ட ஆண்டு, தொடர்ந்து ஐந்து வறண்ட ஆண்டுகள் என மூன்று நிலைகளுக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

இரண்டாவது, பற்றாக்குறைக்கான படிகள். 10, 20, 30, 40, 50 விழுக்காடு, அதற்கும் மேல் என ஆறு படிகள். ஒவ்வொரு படியிலும் என்ன செய்வது என்று முன்பே எழுதிவைக்க வேண்டும். தோட்டத்துக்கு நீர் விடும் நாள்களைக் குறைப்பதா, பக்கத்து வட்டாரத்திடம் நீர் வாங்குவதா என்ற முடிவுகளை நெருக்கடியின் பதற்றத்தில் எடுக்கக்கூடாது என்பதே நோக்கம்.

மூன்றாவது, பணம். மக்கள் நீரைச் சேமித்தால் நிறுவனத்தின் வருமானம் குறையும். ஆனால் குழாய், ஆலை, ஊழியர் செலவு குறையாது. ஆகவே சிக்கனமாக இருந்த மக்களுக்கே கட்டணம் உயரும் நிலை வரலாம். அந்த இழப்பை எப்படிச் சமாளிப்பது என்பதையும் திட்டம் சொல்ல வேண்டும்.

ஒவ்வோர் ஊருக்கும் ஓர் அளவு

2018இல் வந்த சட்டங்கள் இன்னும் ஒரு படி சென்றன. இப்போது சுமார் 400 நிறுவனங்களுக்குத் தனித்தனி நீர் வரவு செலவுத் திட்டம் உண்டு. இதற்கான விதிகள் 2025 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தன.

வீட்டுக்குள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 47 கேலன், அதாவது சுமார் 178 லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். 2030இல் இது 42 கேலனாக, சுமார் 159 லிட்டராகக் குறையும். தோட்டங்களுக்கு வேறு கணக்கு. செடிகள் உள்ள பரப்பை வான்வழிப் படங்களால் அளந்து, மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் ஆவியாகும் நீரையும் பெய்யும் மழையையும் பார்த்து அளவு நிர்ணயிக்கிறார்கள். குழாய்க் கசிவுக்கும் வரம்பு உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. 30,000 பேர் வாழும் ஊர் என்று வைத்துக்கொள்வோம். 30,000 × 178 = 5,340,000. வீட்டுக்குள் பயன்படுத்த நாளொன்றுக்கு 5.34 மில்லியன் லிட்டர் என்பது அந்த ஊருக்கான அளவு. இதனுடன் தோட்ட நீரும் கசிவு வரம்பும் சேரும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த வரம்பு நிறுவனத்துக்குத்தான், தனி வீட்டுக்கு அல்ல. யார் எத்தனை நிமிடம் குளிக்கிறார் என்று எவரும் எண்ணப் போவதில்லை. கசிவை அடைத்தோ, கட்டண முறையை மாற்றியோ, புல்வெளிக்குப் பதில் வறட்சி தாங்கும் செடிகளை நட உதவியோ மொத்த அளவுக்குள் நிற்பது நிறுவனத்தின் பொறுப்பு.

நமக்கு என்ன பாடம்?

சிக்கனம் என்றதும் நம் நினைவுக்கு வருவது குழாயை இறுக மூடுவதுதான். அது தேவை. ஆனால் மலேசியாவில் சுத்திகரித்த நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டணக் கணக்கில் சேராமல் போகிறது. அதில் பெரும்பகுதி பழைய குழாய்களின் கசிவு. வீட்டுக்கு வந்து சேராத நீரை வீட்டார் சேமிக்க முடியாது. குடும்பங்களிடம் மட்டுமன்றி, நீர் தருவோரிடமும் கணக்குக் கேட்பதன் அவசியம் இதுதான்.

நம் பங்குக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். உங்கள் தண்ணீர்க் கட்டண ரசீதை எடுங்கள். மாதப் பயன்பாடு கன மீட்டரில் இருக்கும். அதை 1,000ஆல் பெருக்கி, 30ஆல் வகுத்து, வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையால் மீண்டும் வகுங்கள். நால்வர் உள்ள வீட்டில் 17 கன மீட்டர் என்றால், ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 142 லிட்டர். 2030க்குள் 130 லிட்டர் என்பது சிங்கப்பூரின் இலக்கு. உங்கள் வீட்டு எண் என்ன? தாராளமாக மழை பெய்யும் மாதத்திலேயே அதைத் தெரிந்துகொள்ளுங்கள். வறட்சி வந்த பிறகு போடும் கணக்கில் தெரிவு குறைவு.