பனிக்காலத்தில் குஞ்சுகளை வெளிக்கூண்டுக்கு மாற்றுவது எப்படி?



ஐப்பசி, கார்த்திகை மழையும் மார்கழிப் பனியும் கோழி வளர்க்கும் நமக்குச் சோதனைக் காலம். பல்புச் சூட்டில் ஒரு மாதம் நல்லா ஓடியாடிய குஞ்சுகள், வெளிக்கூண்டுக்குப் போன ரெண்டாம் நாள் காலையில் மூலையில் குவியலாகச் செத்துக் கிடக்கும். "பனி தாங்கலை, என்ன செய்யிறது" என்று மனசைத் தேற்றிக்கொள்கிறோம். பனிதான் காரணமா? இந்த மாதப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

குழுக் கடனில் குஞ்சு வாங்கியவர்களுக்கு மட்டுமான பாடம் இல்லை இது. அண்மை ஆண்டுகளில் அரசுத் திட்டத்தில், ஆதரவற்ற பெண்களுக்கும் கணவரை இழந்த பெண்களுக்கும் 50 சதவீத மானியத்தில் 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வழங்கப்பட்டன. அவை 4 வார வயதுக் குஞ்சுகள். அதாவது, சூட்டை விட்டு வெளியே வரும் அதே வயதில்தான் நம் கைக்கு வந்தன.

ஒரு சின்னக் கணக்கு

புரூடர் என்று சொல்கிற பல்பு அடைப்பில் முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். ஐந்தாம் வாரம் 75 டிகிரி போதும். திருச்சியில் மார்கழி விடியற்காலையில் 68 டிகிரி அளவுக்குக் குளிரும். வித்தியாசம் 7 டிகிரிதான். உடம்பு முழுக்க இறகு முளைத்த குஞ்சு, காய்ந்த தரையில் இருந்தால் இதைத் தாங்கிக்கொள்ளும்.

அப்படியானால் எதனால் சாகிறது? மூன்று காரணங்கள்.

1. ஈரம்: நனைந்த இறகு சூட்டைப் பிடித்து வைக்காது. ஈரத் தரையில் ரத்தக்கழிச்சலும் சீக்கிரம் பரவும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற ஸ்ரீரங்கம் பக்கம், வாழைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் மழைக்காலத்தில் தரை காயவே காயாது. அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

2. நேர்க் காற்று: மழைக்காலத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும்.

3. நெரிசல்: கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாது என்பார்கள். ஆனால் குஞ்சு மேல குஞ்சு ஏறினால் சாகும். புது இடம், இருட்டு, குளிர் மூன்றும் சேர்ந்தால் எல்லாம் ஒரே மூலையில் அடையும். அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

மாற்றும் முன் ஒரு வாரம்

குஞ்சுக்கு 5 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். மழைக்காலம் என்றால் 6 வாரம். நாளை மட்டும் எண்ணாமல் குஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதுகிலும் நெஞ்சிலும் பஞ்சுமுடி போய் இறகு மூடியிருக்கணும்.

முதல் 3 நாள் பகலில் பல்பை அணையுங்கள். அடுத்த 2 நாள் இரவு 12 மணிக்கு மேல் அணையுங்கள். கடைசி 2 நாள் இரவிலும் பல்பு வேண்டாம். குஞ்சுகள் பரவலாகப் படுத்தால் பழகிவிட்டது என்று அர்த்தம். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கத்தினால் இன்னும் ரெண்டு நாள் சூடு கொடுங்கள்.

ஒரு விஷயம்: எல்.ஈ.டி. பல்பு வெளிச்சம் தரும், குஞ்சுக்கு வேண்டிய சூடு தராது. பழைய குண்டு பல்புதான் சரி. குஞ்சுக்கு 2 வாட் என்று வைத்தால், 40 குஞ்சுக்கு 40 வாட் பல்பு இரண்டு. ஒன்று பியூஸ் போனாலும் இன்னொன்று காப்பாற்றும்.

கூண்டு தயாரா?

• கூண்டின் அடித்தளம் தரையிலிருந்து 2 அடி உயரத்தில் இருக்கட்டும். கூரை ஒழுகக் கூடாது.
• உள்ளே 2 அங்குலம் காய்ந்த நெல் உமி அல்லது கடலைத்தோல் பரப்புங்கள். கட்டியானதை அன்றன்றே அள்ளிவிடுங்கள்.
• வடக்கு, கிழக்குப் பக்கம் சாக்குப் படுதா கட்டுங்கள். மேலே ஒரு அடி திறந்தே இருக்கட்டும். முழுசா மூடினால் எச்சத்தின் நெடி உள்ளேயே நின்று சளி பிடிக்கும்.
• குஞ்சுக்கு 1 சதுர அடி இடம் வேண்டும்.
• மூலைகளில் அட்டையை வளைத்து வைத்து வட்டமாக்குங்கள். அடைய மூலையே இருக்காது.
• கீரி, பூனை, பாம்பு நுழையாத அளவுக்கு அரை அங்குல வலை அடியுங்கள்.

மாற்றும் நாள்

மழை இல்லாத நாளாகப் பார்த்து, காலையிலேயே மாற்றுங்கள். வெளிச்சத்தில் தீனியும் தண்ணியும் இருக்கும் இடம் அதற்குத் தெரியணும். சாயங்காலம் கொஞ்சம் கம்பு, உடைத்த சோளம் கொடுங்கள். இரை நிறைந்த குஞ்சுக்கு ராத்திரிக் குளிர் உறைக்காது. முதல் 3 இரவு, பத்து மணிக்கும் விடியற்காலை நாலு மணிக்கும் எழுந்து பாருங்கள். குவிந்திருந்தால் கையாலேயே பிரித்துவிடுங்கள். நாலு நாள் கூண்டிலேயே வைத்து, பிறகு மேய விடலாம்.

வெள்ளைக்கழிச்சலுக்கு 7-ஆம் நாள் சொட்டு மருந்து, 4-ஆம் வாரம் மறுபடி சொட்டு மருந்து, 8-ஆம் வாரம் ஊசி. மருந்து போட்ட அன்றே இடம் மாற்ற வேண்டாம். ரெண்டு சிரமத்தை ஒரே நாளில் கொடுக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். திருச்சி கொட்டப்பட்டில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையமும் இருக்கிறது.

கடன் வாங்கும்போதே யோசிப்போம்

ஆவணிக் கடைசியில் பொரித்த குஞ்சு, பெருமழை பிடிக்கும் முன்னே வெளிக்கூண்டுக்குப் போய்விடும். மார்கழி முதலில் பொரித்தது, பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள் பல்பு அடியில் இருந்து, தை மாதம் வெயில் ஏறும்போது வெளியே வரும். புரட்டாசியில் பொரித்ததோ அடைமழையில் மாட்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் பெரியவர்கள். எந்த மாதம் குஞ்சு வாங்கப் போகிறோம் என்பதையும் கடன் விண்ணப்பத்தோடு குழுவில் பேசி முடிவு செய்வோம்.

குழுக் கூட்டத்தில் பேச:

1. போன மழைக்காலத்தில் நம் குழுவில் எத்தனை குஞ்சு இறந்தது? மூன்று காரணங்களில் எது?
2. யார் வீட்டுக் கூண்டில் தரை ஈரமாக இருக்கிறது? சேர்ந்து சரிசெய்ய முடியுமா?
3. நாலைந்து பேர் ஒரே நேரத்தில் குஞ்சு வாங்கினால், தடுப்பு மருந்தை ஒரே நாளில் எல்லோருக்கும் போடலாமா?