ஜப்பானுக்கு முதல் அலுவலகப் பயணமா? வேலையை இங்கேயே தொடங்குங்கள்

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஜப்பானிய நிறுவனங்களோடு தொழில் செய்யும் பொறியாளர்களுக்கும், சென்னை மென்பொருள் நிறுவனங்களில் ஜப்பான் வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் இளைஞர்களுக்கும் என்றாவது ஒரு நாள் அந்த மின்னஞ்சல் வந்துவிடும்: அடுத்த மாதம் இரண்டு வாரம் டோக்கியோ போக வேண்டும். முதல் வெளிநாட்டுப் பயணமே அதுதான் என்றால் மகிழ்ச்சியோடு பதற்றமும் சேர்ந்துகொள்ளும். எதைக் கொண்டு போவது, என்ன சாப்பிடுவது, மீட்டிங்கில் எப்படிப் பேசுவது என்று ஆளுக்கொரு ஆலோசனை சொல்வார்கள்.

முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். ஜப்பானிய அலுவலகங்களில் முன்தயாரிப்பைத்தான் மரியாதையாக எண்ணுகிறார்கள். நீங்கள் பேசும் ஆங்கிலத்தைவிட, போட்டிருக்கும் கோட்டைவிட, எவ்வளவு யோசித்து வந்திருக்கிறீர்கள் என்பதைத்தான் கவனிப்பார்கள். அதனால் பயணத்தின் பாதி வேலையை விமானம் ஏறும் முன்பே முடித்துவிட முடியும், முடித்துவிட வேண்டும்.

விசாவில் குறுக்குவழி வேண்டாம்

இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஜப்பான் விசா கட்டாயம். இ-விசா சுற்றுலாவுக்கு மட்டுமே. அலுவலக வேலையாகப் போகிறவர் குறுகிய கால வணிக விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அழைக்கும் ஜப்பானிய நிறுவனத்தின் கடிதம், எந்த நாளில் எங்கே இருப்பீர்கள் என்ற நாள்வாரித் திட்டம், உங்கள் நிறுவனத்தின் கடிதம் ஆகியவை இதற்கு முக்கியம். அழைப்புக் கடிதம் கைக்கு வரவே நாளாகும் என்பதால் ஒரு மாதமாவது முன்னதாகத் தொடங்குங்கள். ஒருமுறை நுழைவதற்கான விசா, வழங்கிய நாளிலிருந்து 3 மாதம் செல்லும்.

இந்த விசாவில் கூட்டம், பேச்சுவார்த்தை, ஒப்பந்தம், ஆய்வு போன்றவற்றுக்கு இடமுண்டு. ஜப்பானிய நிறுவனத்திடம் சம்பளம் வாங்கி வேலை செய்ய முடியாது. உங்கள் பயணத்தின் நோக்கம் இதில் எந்தப் பக்கம் வருகிறது என்பதை மனிதவளத் துறையிடம் எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தேதி குறிக்கும் முன் அவர்களுடைய நாட்காட்டியையும் பாருங்கள். ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான விடுமுறை வாரம், ஆகஸ்ட் நடுவில் வரும் ஒபோன் பண்டிகை விடுமுறை, டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரையிலான புத்தாண்டு ஆகிய மூன்று காலங்களிலும் பல அலுவலகங்களில் ஆள் இருக்க மாட்டார்கள். மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் செர்ரி பூக்கும் பருவம் என்பதால் ஓட்டல் வாடகை ஏறிவிடும்.

பெட்டியில் எது போகலாம், எது கூடாது

மருந்திலிருந்து தொடங்குவோம். மருத்துவர் எழுதித் தந்த மருந்தை ஒரு மாத அளவுக்கும், கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மருந்தை இரண்டு மாத அளவுக்கும் முன் அனுமதி இல்லாமல் கொண்டு போகலாம். அதற்கு மேல் வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஆம்பெட்டமின் வகை மருந்துகளை மருத்துவர் சீட்டு இருந்தாலும் அனுமதிக்க மாட்டார்கள். கோடீன், சூடோஎபிட்ரின் கலந்த இருமல், சளி மருந்துகளுக்கும் அளவுக் கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொரு மருந்தின் அட்டையிலும் உள்ள மூலப்பெயரைப் படித்துப் பாருங்கள். மருத்துவரின் சீட்டை ஆங்கிலத்தில் வாங்கி, மருந்தை அதன் உறையோடு கைப்பையில் வையுங்கள்.

அடுத்தது சாப்பாடு. இறைச்சி கலந்த எந்தப் பண்டத்தையும் எடுத்துப் போகாதீர்கள். பிடிபட்டால் தண்டனை கடுமையானது. புதிய பழம், காய், அம்மா ஆசையாகக் கட்டித் தரும் கறிவேப்பிலை ஆகியவற்றையும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் போதும். கசியாமல் இறுகக் கட்டிக்கொள்ளுங்கள்.

அங்கே மின்சாரம் 100 வோல்ட். பிளக்குக்கு இரண்டு தட்டையான கால்கள். லேப்டாப், செல்போன் சார்ஜர்களில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் பிளக்கை மாற்றும் அடாப்டர் ஒன்றே போதும். நம் ஊர் 230 வோல்ட் கெட்டிலும் ரைஸ் குக்கரும் அங்கே சரியாக வேலை செய்யாது, வீட்டிலேயே இருக்கட்டும்.

கிழியாத காலுறைகள் நிறைய வேண்டும். சில உணவகங்களிலும் சில தொழிற்சாலைகளிலும் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். குளிர்காலத்தில் டோக்கியோவின் அதிகாலை 0 டிகிரியை ஒட்டி இருக்கும். கோடை சென்னையைப் போலவே புழுங்கும். கோடையில் டை இல்லாமல் அலுவலகம் வரும் வழக்கத்தை அந்நாட்டு அரசே 2005 முதல் ஊக்குவித்துவருகிறது. ஆனாலும் முதல் நாள் கோட்டோடு போய், அங்கிருப்பவர்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பணமும் ரசீதும்

யுபிஐயை நம்பிப் போகாதீர்கள். ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று, வேறொரு வங்கியின் கார்டு ஒன்று, கையில் கொஞ்சம் யென் என்று மூன்று வழிகளிலும் பணம் இருக்கட்டும். செவன் இலெவன் கடைகளில் இருக்கும் ஏடிஎம்கள் வெளிநாட்டு கார்டுகளை ஏற்கும். ரயிலுக்கும் சின்னக் கடைகளுக்கும் சுயிகா அல்லது பாஸ்மோ கார்டு வாங்கிவிடுங்கள். டிப்ஸ் தரும் வழக்கம் அங்கே இல்லை. மேசையில் பணத்தை விட்டுவிட்டு வந்தால் துரத்தி வந்து திருப்பித் தருவார்கள்.

திரும்பி வந்து செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும் அல்லவா? கடைகளில் 'ரியோஷூஷோ' என்று கேட்டால் முறையான ரசீது எழுதித் தருவார்கள். சுயிகாவில் போன பயணங்களின் பட்டியலை டிக்கெட் இயந்திரத்திலேயே அச்செடுக்கலாம். அன்றன்றைய ரசீதை அன்றிரவே படம் எடுத்து வைப்பது நல்லது.

பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்ப வேண்டாம். வெளிநாட்டவர் மருத்துவமனையில் முழுத் தொகையையும் கையிலிருந்து கட்ட நேரலாம்.

மீட்டிங்குக்கு முன்பே மீட்டிங்

முதல் முறை போகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். கூட்டத்தில் அட்டகாசமாகப் பேசி அந்த இடத்திலேயே சம்மதம் வாங்கிவிடலாம் என்று நினைத்துப் போகிறோம். ஜப்பானில் பல முடிவுகள் கூட்டத்துக்கு முன்பே உருவாகிவிடுகின்றன. சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, கருத்துக் கேட்டு, ஐயங்களைத் தீர்த்துவிடுவார்கள். 'நெமவாஷி' என்று இதைச் சொல்வார்கள். கூட்டத்தில் நடப்பது பெரும்பாலும் அதற்கு ஒப்புதல் தருவதுதான்.

இதில் உங்கள் பங்கு தெளிவானது. பிரசன்டேஷனைக் கிளம்பும் முன்பே அனுப்பிவிடுங்கள். கேட்டுப் புரிந்துகொள்வதைவிடப் படித்துப் புரிந்துகொள்வது அங்கே பலருக்கு எளிது. சிறிய வாக்கியங்கள், எண்கள், படங்கள் போதும். "எந்தப் பக்கத்தில் கேள்வி இருக்கிறது?" என்று முன்னதாகவே கேட்டு, பதிலோடு போங்கள். புதிய யோசனை எதையும் கூட்டத்தில் திடீரென்று எடுத்து வைக்காதீர்கள்.

நேரம் கிடைத்தால் கொஞ்சம் மொழியும் கற்கலாம். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் போன்ற அமைப்புகள் ஜப்பானிய மொழி வகுப்பு நடத்துகின்றன. முதல் சந்திப்பில் 'ஹஜிமேமாஷிதே', 'யோரோஷிகு ஒனேகாய்ஷிமாஸ்' என்று சொல்லத் தெரிந்தாலே எதிரில் இருப்பவரின் முகம் மலர்ந்துவிடும்.

முதல் சந்திப்பு

பத்து மணி என்றால் வரவேற்பறையில் 9.50க்கு இருங்கள். ரயில் தாமதமானால் உடனே தகவல் சொல்லுங்கள். தாமதச் சான்றிதழ் நிலையத்திலேயே கிடைக்கும்.

விசிட்டிங் கார்டைத் தாராளமாகக் கொண்டு போங்கள். பின்பக்கத்தில் ஜப்பானிய மொழியில் அச்சிட்டிருந்தால் சிறப்பு. பதவியில் மூத்தவரிடமிருந்து தொடங்கி, எழுந்து நின்று, எழுத்து அவர் பக்கம் இருக்கும்படி இரு கைகளாலும் கொடுங்கள். அவர் தருவதையும் இரு கைகளால் வாங்கிப் படியுங்கள். உட்கார்ந்த பிறகு, அவர்கள் அமர்ந்திருக்கும் வரிசைப்படியே கார்டுகளை மேசையில் வைத்துக்கொண்டால் பெயர் குழம்பாது. அதன் மேல் எழுதுவதும், கால்சட்டையின் பின்பையில் செருகுவதும் கூடாது.

குடும்பப் பெயரோடு மரியாதைக்கு 'சான்' சேர்த்து அழையுங்கள். உங்கள் பெயரோடு நீங்களே சேர்த்துச் சொல்லாதீர்கள். வாசலிலிருந்து தள்ளியிருக்கும் இருக்கை விருந்தினருக்கு உரியது. அவர்கள் காட்டும் இடத்தில் உட்காருங்கள்.

நீங்கள் பேசும்போது எதிரில் இருப்பவர் 'ஹாய், ஹாய்' என்று தலையாட்டினால், கவனித்துக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது சம்மதம் ஆகாது. "யோசித்துச் சொல்கிறோம்" என்பது பல சமயம் மென்மையான மறுப்பாகவும் இருக்கலாம். கூட்டம் முடியும் முன், எது முடிவானது, எது நிலுவை, யார் எப்போது சொல்வார்கள் என்று திரும்பப் படித்துக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதே தெளிவு நம்மிடமும் வேண்டும். "முடிச்சிடலாம் சார்" என்ற சொல்லை நம் அலுவலகங்களில் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். அங்கே அதை வாக்குறுதியாக எழுதிக்கொள்வார்கள். முடியாததை முடியாது என்று அங்கேயே சொல்லி, முடியும் தேதியைக் கொடுங்கள். சிக்கல் வந்தால், தீர்வு கிடைக்கும்வரை மறைத்து வைக்காமல் அன்றே தெரிவியுங்கள். அறிக்கை தருவது, தகவல் சொல்வது, ஆலோசனை கேட்பது என்ற மூன்றையும் சேர்த்து 'ஹோரென்சோ' என்று அங்கே புதிய ஊழியர்களுக்குக் கற்றுத் தருகிறார்கள். கெட்ட செய்தியை நேரத்தோடு சொன்னவரை அவர்கள் நம்புவார்கள். கடைசி நாளில் சொன்னவரை நம்புவது கடினம்.

தொழிற்சாலைக்குள் போனால் தரையில் குறித்த பாதையிலேயே நடங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். விவரம் தெரிந்தால் போதும். மிசோ சூப்பிலும் நூடுல்ஸ் குழம்பிலும் 'தாஷி' என்ற சாறு இருக்கும். அது பெரும்பாலும் காய்ந்த மீனிலிருந்து எடுத்தது. காய்கறி மட்டுமே கண்ணுக்குத் தெரியும் கிண்ணத்திலும் மீன் இருக்கலாம் என்பதால், எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்பதை ஜப்பானிய மொழியில் ஒரு அட்டையில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு, கன்வீனியன்ஸ் கடைகளில் புளிப்பான உமே காய் வைத்த சோற்று உருண்டை கிடைக்கும். டோக்கியோவில் இந்தியர்கள் நிறைய வாழும் நிஷி-கசாயில் நம் ஊர்ச் சாப்பாடும் மளிகையும் கிடைக்கும்.

மாலை விருந்துக்கு அழைத்தால் முதல் நாளே உணவுப் பழக்கத்தைச் சொல்லிவிடுங்கள். மது வேண்டாம் என்றால் ஊலாங் தேநீரைக் கையில் எடுத்து 'கம்பாய்' சொல்லலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பக்கத்திலிருப்பவரின் கோப்பையை நீங்கள் நிரப்புங்கள், உங்களுடையதை அவர் நிரப்புவார். சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். அது இறந்தோருக்குப் படைக்கும் முறை.

ரயில், தெரு, பாதுகாப்பு

நரிதா விமான நிலையம் டோக்கியோ மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், ஹனேடா அருகில். டிக்கெட் எடுக்கும்போதே எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் குடியேற்ற, சுங்க விவரங்களை முன்பே நிரப்பி வைத்தால் இறங்கியதும் வேலை சுலபம். நேரம் நம்மைவிட மூன்றரை மணி முன்னே. வந்த அன்றே மீட்டிங் வைக்காதீர்கள்.

நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில் போய்விடும். அதன் பிறகு டாக்சிதான், செலவும் அதிகம். ரயிலில் போன் பேசக் கூடாது. ஒசாகா போகும் ஷின்கான்சென் அதிவேக ரயிலில் நீள, அகல, உயரம் சேர்த்து 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டி இருந்தால், அதற்கான இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும்.

பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருப்பது சட்டம். போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 119. நிலநடுக்க எச்சரிக்கை போனில் அலறினால் ஓடாதீர்கள். மேசைக்கு அடியில் தலையைக் காத்துக்கொண்டு, உடன் இருப்பவர்கள் செய்வதைச் செய்யுங்கள். ஓட்டலில் அறைக்குள் நுழைந்ததும் அவசர வழி எங்கே என்று பார்த்துவிடுங்கள்.

கிளம்பும்போதும், வந்த பிறகும்

அலுவலகத்துக்கு ஒரு சிறு பரிசு கொண்டு போவது நல்ல வழக்கம். தனித்தனி உறையில் உள்ள நீலகிரித் தேயிலை, பண்ருட்டி முந்திரி போன்றவை எல்லோருக்கும் பகிர வசதி. நான்கு என்ற எண்ணிக்கையைத் தவிருங்கள்; அவர்கள் மொழியில் அதன் ஓசை சாவை நினைவூட்டும்.

ஊர் வந்த மறுநாளே நன்றி மின்னஞ்சல் அனுப்புங்கள். அதோடு ஒப்புக்கொண்ட வேலைகள், பொறுப்பாளர், தேதி என்ற பட்டியலும் போகட்டும். பிறகு, அந்தப் பட்டியலில் முதலாவதாக உள்ள தேதி எவ்வளவு சிறிய வேலைக்கானதாக இருந்தாலும் அதைத் தவறவே விடாதீர்கள். இரண்டு வாரம் அங்கே நீங்கள் சம்பாதித்த நம்பிக்கையை நிலைநிறுத்துவது அந்த ஒரு தேதிதான். அதைக் காப்பாற்றியவரைத்தான் அடுத்த முறை பெயர் சொல்லி அழைப்பார்கள்.