எல்.சி.யும் யு.சி.பி. 600உம்

திருவனந்தபுரம் மாவட்டத்து அஞ்சுதெங்குக் கயிற்றை ஜெர்மனிக்கு அனுப்பும் வணிகர், வாங்குபவரை நேரில் கண்டிராமலே பணம் பெற உதவுவது எல்.சி. எனப்படும் கடனுறுதிக் கடிதம். உலக வர்த்தக அமைப்பின் விதிகள் அரசுகளுக்கானவை. இக்கடிதங்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவது, பாரிஸில் இயங்கும் சர்வதேச வர்த்தக சபை வகுத்த யு.சி.பி. 600. இது 2007 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது.

இதன் ஐந்தாம் பிரிவின்படி வங்கிகளாகிய நாம் ஆவணங்களை மட்டுமே கையாள்கிறோம். கயிறு எத்துணைத் தரமாயினும், கேட்ட சான்றிதழ் ஒன்று குறைந்தால் பணம் மறுக்கப்படலாம். கடிதத்தில் வேறு கெடு இல்லையெனில், கப்பலேற்றிய 21 நாட்களுக்குள், கடிதம் காலாவதியாகுமுன், ஆவணங்கள் வந்துசேர வேண்டும். ஆராய்ந்து முடிவுசொல்ல வங்கிக்கு ஐந்து வேலைநாட்களே. நிறைவேற்ற இயலாத நிபந்தனை தென்பட்டால், சரக்கேற்றுமுன்பே திருத்தம் கேளுங்கள். கப்பல் புறப்பட்டபின் விலையைக் குறைக்கச் சொல்லும் வாய்ப்பு வாங்குபவருக்குக் கிடைத்துவிடும்.